ஈர்க்குச்சிக் கட்டும் தொண்ணூற்றி ஒன்றும்: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு அனுபவங்கள்

ஈராசிரியர் பள்ளி டீச்சர், விழுப்புரம் மாவட்டம்

ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பும் எனக்குத்தான், ஒரே அறை. அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த 2022-லிருந்து பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். துணைக்கருவிக்குக் குறைச்சல் இல்லை. சுவர் நிறைய சார்ட், பொம்மலாட்டத்துக்குத் துணிப் பொம்மை, மணிச்சட்டம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அவற்றில் பாதி பார்வைக்கு வருகிறவர்களுக்காக மாட்டியவை என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

போன மாதம் ‘தொண்ணூற்றி ஒன்று’ சொல்லி எழுதச் சொன்னேன். நாலு பேர் 101 என்று எழுதினார்கள். ரெண்டு பேர் 901. ‘இருபத்தி மூணு’ என்றால் 203 எழுதுவது எல்லா டீச்சரும் பார்த்ததுதான், காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். தொண்ணூறு ஏன் இப்படி ஆகிறது என்று அன்று ராத்திரிதான் யோசித்தேன். அந்தச் சொல்லுக்குள்ளேயே நூறு ஒளிந்திருக்கிறது! குழந்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

மறுநாள் ரெண்டு தென்னை விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டு போனேன். முனை கண்ணில் குத்திவிடும், அதனால் ரெண்டு பக்கமும் கூராக இல்லாமல் வெட்டணும். இதை முதல் நாள் செய்யாமல் விட்டு மாட்டிக்கொண்டேன், ஒருத்தன் பக்கத்தில் இருந்தவன் காதில் விட்டுப் பார்த்தான். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பாதி ரப்பர் பேண்ட் உண்டிவில் ஆகிவிட்டது. மீதியில் கட்டிய கட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிலதில் ஒன்பது, ஒன்றில் பதினொன்று.

திருத்தலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒவ்வொருத்தர் கையிலும் மூன்று கட்டு, நாலு உதிரி. ‘எத்தனை?’ என்றேன். முப்பத்தி நாலு என்றார்கள். ‘பிரிச்சு எண்ணிப் பாருங்க’ என்றதும் ஒரே சத்தம். முப்பத்தி மூணு வந்தவள் பக்கத்துப் பையனைத் திருடன் என்றாள், முப்பத்தைந்து வந்தவன் வாயே திறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு கட்டைக் கொடுத்தால் முதலில் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், கடையில் சில்லறை வாங்குகிற மாதிரி.

மூன்றாம் வகுப்புக்கு 42-ல் 17 கழித்தல். ‘ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு’ என்றுதான் நானும் படித்தேன், அப்படியேதான் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி கேட்டாள்: “கடன் வாங்குனா திருப்பித் தரணும்ல மிஸ், எப்பத் தருவாங்க?” என்னிடம் பதில் இல்லை. அவள் வீட்டில் குழுக்கடன் வசூலுக்கு வாராவாரம் ஆள் வரும். குச்சிக் கட்டைக் கையில் கொடுத்தேன். ரப்பர் பேண்டை உருவினாள், பத்தும் உதிர்ந்தன. பன்னிரண்டிலிருந்து ஏழை ஒதுக்கினாள். “இது கடனே இல்ல மிஸ், நம்ம கட்டத்தான் பிரிச்சோம்.” அதோடு ‘கடன் வாங்குதல்’ என் வகுப்பில் ‘கட்டைப் பிரித்தல்’ ஆகிவிட்டது. ஒர்க்புக்கில் என்ன வார்த்தை இருந்தாலும் சரி.

அதே பிள்ளைதான் நேற்று, “நூறே வரலியே, அப்பறம் ஏன் தொண்ணூறுன்னு சொல்றோம்?” என்கிறாள். தமிழ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் வகுப்பில் எது வேலை செய்தது, எது கவிழ்ந்தது என்று எழுதுங்கள். கவிழ்ந்ததுதான் எனக்கு அதிகம் உதவும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, மதுரை

கவிழ்ந்தது கேட்டீர்கள், என்னிடம் நிறைய இருக்கிறது. உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டி விரலால் தடவ வைப்பது மாண்டிசோரி முறை. அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நான் ஆர்வக்கோளாறில் ஹார்டுவேர் கடையில் கிடைத்த தாளை வாங்கிவிட்டேன். நம்பர் குறைந்தால் சொரசொரப்பு கூடும் என்று அப்போது தெரியாது. ‘ண’வில் மூன்று சுழி முடிப்பதற்குள் விரல் எரிகிறது என்று ஒரு குழந்தை அழுதது.

அதன் பிறகு ஆற்று மணலைச் சலித்துப் பழைய சாப்பாட்டுத் தட்டில் பரப்பினேன். ரவையிலும் முயன்றேன், எறும்பு வந்தது. மணல்தான் நின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தானே எழுதினார்கள், நாம் சுற்றி வளைத்து அங்கேயே வந்திருக்கிறோம்.

மணலில் எனக்குக் கிடைத்தது வேறு ஒன்று. நோட்டில் பார்க்கும்போது எழுதி முடித்த எழுத்து மட்டும்தான் தெரியும். மணலில் விரல் போகிற வழியே தெரிகிறது. என் வகுப்பில் ஒரு பையன் ‘ட’வை வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இடது பக்கம் வந்து மேலே ஏறி முடிக்கிறான். நோட்டில் அது அச்சு அசல் ‘ட’. ஆறு மாதமாக அவனுக்கு நான் குட் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ குழப்பமும் இப்போது குறைந்திருக்கிறது. எழுதும்போது வாய்விட்டு ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சுழியை எண்ணுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

டீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதலில். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இதற்குப் புணர்ச்சி விதியே இருக்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம். அடுத்த வருடம் 900 வரும்போது அதற்குள் ஆயிரம் ஒளிந்திருப்பதைப் பார்த்து இன்னொரு ரவுண்டு தப்பு வரும், தயாராக இருங்கள். எப்படிச் சேரும் என்று விதி சொல்கிறதே தவிர, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பதில் ஆகாது.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் காலம் ஞாபகம் வருகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சை வெளியே போட்டோம், பாய் வந்தது. சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். மேலே கம்பிப் பந்தல், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துவர வேண்டும்.

எனக்கு அதில் பெரிய குறை, ஒரு அட்டை தொலைந்தால் அந்தப் படியில் பிள்ளை நின்றுவிடும். எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு அட்டை ரெண்டு மாதம் காணவில்லை. கடைசியில் சத்துணவுக் கூடத்தில் குழம்புச் சட்டிக்கு மூடியாகக் கிடைத்தது. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் விட்டிருக்கக் கூடாது. தன் கட்டத்தில் எழுதி, தானே அழிக்கிற சந்தோஷம் வேறு. பல பள்ளிகளில் பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேலேயே அடித்துவிட்டார்கள்.

ஒரு அப்பா

நான் ஆசிரியர் இல்லை. என் மகன் தனியார் பள்ளியில் ரெண்டாம் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் வரும்: நாளை ‘வீடுகளின் வகைகள்’ மாடல், ‘குழந்தையே செய்ய வேண்டும்’. குடிசை, ஓட்டு வீடு, இக்ளூ. கடை அடைப்பதற்குள் ஓடிப்போய்த் தெர்மாகோல் வாங்கி, பதினொன்றரைக்கு நானும் என் மனைவியும் முட்டை ஓட்டில் இக்ளூ கட்டிக்கொண்டிருந்தோம். குழந்தை தூங்கிவிட்டது. பரிசும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பாட்டியிடம், “எங்க அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ்” என்றான்.

விளக்குமாற்றைப் பிரித்துக்கொண்டு வருகிற டீச்சரிடம் அவனைச் சேர்க்கத் தோன்றுகிறது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

கொட்டாங்குச்சியில் பாசிப்பயறு விதைக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு முளைக்கவே இல்லை. தினமும் தோண்டி ‘முளைச்சிருச்சா’ என்று பார்த்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் பீரோவுக்குள் வைத்தோம், வெளிச்சம் இல்லாவிட்டால் வாடிவிடும் என்று காட்டுவதற்காக. நாலாம் நாள் திறந்தால் அது மற்ற எல்லாவற்றையும் விட உயரம், வெளிர் மஞ்சளாக நிற்கிறது. நான் திருதிருவென்று முழிக்க, ஒரு பொண்ணு சொன்னாள்: “சார், இது முளைப்பாரி. எங்க அப்பத்தா இருட்டு ரூம்லதான் வைக்கும், அப்பத்தான் நெடுநெடுன்னு வரும்.”

வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளும், பச்சையம் இல்லாததால் மஞ்சளாக இருக்கும் என்று நான் பிறகுதான் விளக்கினேன். மறுநாள் அப்பத்தாவையே பள்ளிக்கு வரச் சொல்லி அரை மணி நேரம் பேச வைத்தேன். கும்மிப் பாட்டோடுதான் முடித்தார். பீரோச் செடியை வெயிலில் வைத்தோம், ரெண்டு நாளில் இலை பச்சை தட்டியது. தண்டு மட்டும் நிமிரவே இல்லை, குச்சி கொடுத்துக் கட்டினார்கள்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, விதியை அவளிடம் சொல்லவில்லை. இன்று ஒன்பது கட்டைத் தரையில் வரிசையாக வைத்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். அவள் பத்துக் கட்டு கொள்கிற அளவுக்கு நீளமாகப் போட்டாள். ஏன் இவ்வளவு இடம் என்றேன். “இது நூறோட வீடு மிஸ். ஒரு கட்டு இன்னும் வரல.” காலியாக இருந்த இடத்தில் ஒற்றைக் குச்சியை வைத்து, பக்கத்தில் 91 என்று எழுதினாள். 101 எழுதிய நாலு பேரில் மூன்று பேர் அதைப் பார்த்துத் தங்கள் சிலேட்டை அழித்தார்கள். நாலாவது பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நாளைக்கு அவனை உட்கார வைத்துப் பார்க்கணும்.

உப்புத்தாள் டீச்சருக்கு ஒரு கேள்வி. மணல் தட்டை மதியம் எங்கே வைக்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் பூனை இருக்கிறது.

அப்புறம், ரப்பர் பேண்ட் மறுபடி காலி. பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? உண்டிவில்லுக்கு ஆகாத அளவுக்கு எவ்வளவு அகலம் வெட்டணும்?