தை ஓசூர், வைகாசி பென்னாகரம், ஆடி ஒகேனக்கல்: எதுக்கு என்ன கட்டுனீங்க, யாரு என்ன சொன்னாங்க? (அனுபவப் பகிர்வு)

தர்மபுரி டவுன்காரி:

எங்க சொந்தத்துல இந்த வருஷம் ரெண்டு கல்யாணம். தை மாசம் ஓசூர்ல ஒன்னு முடிஞ்சுது, வைகாசியில பென்னாகரத்துல ஒன்னு வருது. 2004 வரைக்கும் ஒரே ஜில்லாவா இருந்த ஊருங்க தான், ஆனா துணி எடுக்குறப்ப தான் தெரியுது எவ்ளோ வித்தியாசம்னு. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, நம்ம டவுன் அதுல பாதி தான். தை மாசம் சாயங்காலம் அங்க ரிசப்ஷன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. சித்தி பொண்ணுங்க எல்லாம் இன்ஸ்டால பாத்துட்டு ஸ்லீவ்லெஸ் பிளவுஸ், மெல்லிசான ஆர்கன்ஸா புடவைன்னு கலக்கிட்டு வந்தாளுங்க, வாசல்ல பூ ஆர்ச் முன்னாடி போட்டோ எடுக்க நின்னவளுங்க கொஞ்ச நேரத்துலயே கைய கட்டிக்கிட்டு உள்ள ஓடி வந்துட்டாளுங்க.

அங்க மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தங்க, அறுபது வயசு இருக்கும், மெரூன் வெல்வெட்ல முழுக்கை பிளவுஸ் போட்டு பழைய அரக்கு காஞ்சிபுரம் கட்டியிருந்தாங்க. மண்டபத்துலயே அவங்க தான் ஸ்டைலு, சத்தியமா. கிட்ட போய் "அத்தை, வெல்வெட் தான் இப்ப ட்ரெண்டு, எங்க தச்சீங்க"ன்னு கேட்டேன். "ட்ரெண்டோ என்னமோ கண்ணு, முன்ன எல்லாம் இந்த மாசத்துல கல்யாணத்துக்கு போனா பட்டு மேல ஸ்வெட்டர போட்டு பட்டையே மறைச்சுக்குவோம், இப்ப ஸ்வெட்டரையே பிளவுஸா தச்சிக்கிறோம், அவ்ளோ தான்"னு சொல்லி சிரிச்சாங்க.

இப்ப வைகாசிக்கு தான் குழப்பம். முகூர்த்தம் காலைல, அது பரவால்ல, ஆனா அதுக்கப்புறம் மாமியார் வீட்டு ஆளுங்கள பாத்து பேசி, பந்தி கவனிச்சு, மத்தியானம் பஸ்ஸு ஏறி வரணும். கனமான பட்டு வேணாம்னு எங்க ஆயா சொல்லுது, அம்மா கட்டியே ஆகணும்னு நிக்குது. உங்க அனுபவத்த சொல்லுங்க. கல்யாணம் மட்டும் இல்ல, வேலை, கோயில், ஆடிப்பெருக்கு எதுவா இருந்தாலும் சரி.

பாலக்கோட்டுப் பொண்ணு:

உங்க ஆயா சொல்றதுல விஷயம் இருக்கு அக்கா. நாங்க மல்பெரி தோட்டம் வச்சு பட்டுப்புழு வளக்குற வீடு, தர்மபுரி அங்காடிக்கு தான் கூடு கொண்டு போவோம். காஞ்சிபுரம் பட்டு நூல மூணு இழை சேத்து முறுக்கி நெய்வாங்க, அதுக்கு மேல சரிகை வேற, வெள்ளி கம்பி சுத்துன நூலு, மேல தங்க முலாம். அது கனம் இல்லாம எப்படி இருக்கும். சாஃப்ட் சில்க்ல அந்த முறுக்கும் கம்மி, சரிகையும் கம்மி, வைகாசி வெயிலுக்கு அது போதும். ஆனா "சாஃப்ட் சில்க்"னு பேர் சொல்லி கடையில எத எத காட்டுறாங்கன்றது தான் கதை.

போன வருஷம் ஒரு பெரிய கடைக்கு போனோம், ஊர் பேரு வேணாம். சேல்ஸ் அண்ணன் ஒருத்தர் பட்டு பட்டுன்னு விரிச்சு போட்டுக்கிட்டே இருக்காரு, எல்லாமே பியூர் சில்க் மேடம்ன்றாரு, விலைய பாத்தா எங்களுக்கே சிரிப்பு வருது. கூட்டுக்கு கிலோ என்ன விலை போகுதுன்னு தெரிஞ்ச வீடு நாங்க, அந்த காசுக்கு நூலே வராது. புழு நாலு தடவ தோல் உரிச்சு, ராத்திரி எல்லாம் எந்திரிச்சு தழை போட்டு, ஒரு மாசம் படாத பாடு பட்டா தான் கூடு. ஒரு வெள்ளைக் கூட்டுல சுமாரா ஒரு கிலோமீட்டர் நூலு இருக்கும்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

எங்கம்மா அமைதியா முந்தானை ஓரத்துல தொங்குன நூல்ல ஒன்ன உருவி, "தம்பி, தீப்பெட்டி இருக்கா"ன்னு கேட்டுச்சு. அண்ணன் முகம் போன போக்க பாக்கணும்! பட்டுன்னா மெதுவா எரியும், முடி கருகுற நாத்தம் வரும், நெருப்ப எடுத்தா தானா அணையும், சாம்பல விரல்ல நசுக்குனா பொடியாயிடும். பாலியஸ்டர்னா உருகி கெட்டியா மணி மாதிரி உருண்டுக்கும். காகிதம் எரியுற வாசனையோட சரசரன்னு எரிஞ்சா அது ரேயான், அத தான் ஆர்ட் சில்க்னு விக்கிறாங்க. எங்களுக்கு வந்தது உருண்டை தான். அண்ணன் உடனே குரல இறக்கி "அக்கா, இது டெய்லி வேர், நல்லது மேல் மாடில இருக்கு"ன்னாரு. அவர சொல்லி குத்தமில்ல, அவருக்கு முதலாளி சொல்லி குடுத்தது அவ்ளோ தான். மேல் மாடில சில்க் மார்க் சீட்டு கட்டுன புடவை இருந்துச்சு, அதுல தான் எடுத்தோம். அந்த சீட்டு மத்திய பட்டு வாரியத்தோட ஏற்பாடு, 2004ல இருந்து இருக்கு. அது பட்டு நூலுக்கு மட்டும் தான் கேரண்டி, சரிகைக்கு கிடையாது, அத தனியா கேட்டுக்கணும்.

ஆர்ட் சில்க் வேணாம்னு சொல்லல. சேலம் பக்கத்துல இளம்பிள்ளைல நெய்யுற புடவைங்க எவ்ளோ அழகா இருக்கு, நானே நாலு வச்சிருக்கேன். அத அந்த பேர் சொல்லி, அந்த விலைக்கு குடுக்கட்டும்.

சும்மா படிக்கிறவ:

தீப்பெட்டி அம்மாக்கு ஒரு சலாம். இனிமே கடைக்கு அவங்கள தான் கூட்டிட்டு போகணும்.

ஓசூர் ஷிஃப்ட்:

நான் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கேன், சொந்த ஊரு ஊத்தங்கரை. எங்க ஊரு வெயிலுக்கு காட்டன் சுடிதார் போட்டு பழகுனவ, இங்க மார்கழில முதல் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இருட்டுல நிக்குறப்ப தான் புரிஞ்சுது. உள்ள தெர்மல், அதுக்கு மேல சுடிதார், அதுக்கு மேல ஹூடி, துப்பட்டாவ தலைய சுத்தி காத கட்டிக்கணும். லைன்ல போனதும் யூனிஃபார்ம், தொப்பி, அங்க ஃபேஷனாவது ஒன்னாவது. அதனால லீவு நாள்ல தான் எல்லாரும் அலங்காரம். ஞாயித்துக்கெழம பஸ் ஏறி பெங்களூரு சிக்பேட்டை போயிட்டு வருவோம், அலியா கட், நைரா கட்னு சுடிதார் டாப்பு, மேலயும் கீழயும் ஒரே துணில வர்ற கோ-ஆர்ட் செட்டுன்னு அங்க தொங்குறது கொஞ்ச நாள்ல நம்ம கிருஷ்ணகிரி கடைல தொங்கும், விலை தான் மாறும். எங்க செட்ல பாதி பேரு யுகாதிக்கு துணி எடுக்குறவங்க, மீதி பேரு பொங்கலுக்கு, அதனால ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தி புதுசு போட்டுக்கிட்டே இருப்பா.

நான் சொல்ல வந்தது வேற. கம்பெனில பொங்கல் வச்சப்ப எல்லாரும் புடவை கட்டணும்னாங்க. என் ரூம்ல ஒடிசா பொண்ணு ஒன்னு, தமிழ் ரொம்ப வராது, நாங்க எல்லாரும் ஆன்லைன்ல ஒரே மாதிரி சரிகை பார்டர் ஆர்டர் போட்டப்ப அவ மட்டும் வேணாம்னுட்டா. அன்னைக்கு பெட்டில இருந்து ஒரு புடவைய எடுத்தா பாருங்க, சம்பல்புரியாம். சிவப்பு கருப்பு, மீனு சங்கு எல்லாம் கோடு கோடா இருக்கு. நான் உள்பக்கம் எதுன்னு தேடுறேன், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டிசைனு. நூலயே முன்னாடி கட்டி கட்டி சாயம் தோச்சு, அதுக்கப்புறம் தான் தறியில ஏத்துவாங்கன்னு கையால காட்டி புரிய வச்சா. அவங்கம்மா குடுத்து விட்டதாம். கொசுவம் மட்டும் அவளுக்கு நம்ம மாதிரி வரல, எங்க லைன் லீடர் அக்கா தரையில உக்காந்து மடிப்ப புடிச்சு விட்டாங்க. பொங்கல் போட்டோல எங்க எல்லார் புடவையும் ஒன்னு போல இருக்கு, அவ ஒருத்தி தான் கண்ணுல படுறா.

காவேரிப்பட்டணம் டைலரக்கா:

எல்லாரும் கடைய பத்தியே பேசுறீங்கோ, நாங்க தைக்கிறவங்க கதைய கேளுங்க. ஆடி மாசம் கல்யாணம் இல்லாததால மிஷினு கொஞ்சம் மூச்சு விடும், கடைங்கள்ல தள்ளுபடி போட்டு எல்லாரும் துணி எடுத்து பீரோல வச்சிக்குவாங்கோ. ஆவணி பொறந்தா போதும், எல்லாம் ஒரே நாள்ல வந்து நிக்கும். "அக்கா நாளன்னிக்கு முகூர்த்தம், இதுல ஆரி ஒர்க் போட்டு குடுங்க"ன்னு ஒரு அம்மா வந்துச்சு. ஆரின்னா கொக்கி ஊசியால போடற பூவேலை, அதுக்கு துணிய வெட்டாம கட்டை சட்டத்துல இழுத்து கட்டணும், கழுத்து கை அளவுக்கு கோடு போடணும், அதுக்கப்புறம் ஊசிய புடிச்சிக்கினு குனிஞ்சே உக்காரணும், கல்யாண பொண்ணு ஒர்க்குன்னா நாள் கணக்குல ஆவும். வெட்டி தச்ச பிளவுஸ்ல போட முடியாதான்னு கேட்டுச்சு அந்தம்மா. போடலாம்மா, தையல பிரிச்சா போடலாம்னேன்.

இன்னொரு பொண்ணு போன்ல படம் காட்டுச்சு, நடிகை யாரோ, முதுகு முழுக்க திறந்து ஒரு கயிறு. "இது எங்க கட்டப்போற"ன்னேன், "அங்காளம்மன் மயானக் கொள்ளைக்கு"ன்னுச்சு! மாசி மாசத்துல எங்க ஊர்ல அந்த திருவிழா கூட்டத்துல, தள்ளுமுள்ளுல, குங்குமம் மஞ்சத் தண்ணி எல்லாம் மேல விழும்போது கயிறு நிக்குமா சொல்லுங்க. நான் தைக்க மாட்டேன்னு சொல்லல. முதுகுக்கு நடுவுல ஒரு பட்டைய குடுத்து, உள்ள கொக்கி வச்சு, மேல கயிற அழகுக்கு தொங்க விட்டேன். மஞ்ச புடவைக்கு அது நல்லா தான் இருந்துச்சு. போட்டுக்கினு வந்து காட்டிட்டு போச்சு.

வெயில் காலத்துக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன். லைனிங் துணிய காட்டன்ல எடுங்க, கடைல குடுக்குற வழுவழுன்னு இருக்குற லைனிங் வேணாம். அந்த காட்டன தைக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு காய வச்சு குடுங்க. இல்லாட்டி முதல் தடவ தொவைச்சதும் உள்துணி சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமா நிக்கும், அப்பறம் டைலர திட்டுவீங்கோ. உள்ள மடிப்புல துணி விட சொல்லுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பிரிச்சு விட்டுக்கலாம். பேடு வச்ச பிளவுஸ் வைகாசிக்கு எதுக்கு? எனக்கு அது புடிக்கவே புடிக்காது, கேட்டா தச்சு தருவேன்.

அப்பறம் இந்த பஃப் கை இருக்கே, எங்கம்மா கல்யாண போட்டோல இருக்கறது. இப்ப பொண்ணுங்க அத புதுசுன்னு கேக்குதுங்கோ.

பென்னாகரம் ரோடு:

ஆடி 18க்கு ஒகேனக்கல் போறவங்களுக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க தாலி சரடு மாத்த போவாங்க, கூட ஒரு வேன் நெறைய சொந்தம். எங்க அண்ணிக்கு அது முதல் ஆடிப்பெருக்கு, அவங்க ஊரு சென்னை, அழகா கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிட்டு வந்தாங்க. தண்ணில இறங்குனதும் அந்த புடவை குடிச்ச தண்ணிக்கு அண்ணிய ரெண்டு பேரு புடிச்சு தூக்க வேண்டியதா போச்சு. பக்கத்துல ஒரு பாட்டி, யாருன்னே தெரியாது, பழைய நைலக்ஸ் (நைலான்) புடவைய முழங்காலுக்கு மேல தூக்கி சொருகிட்டு சர்வ சாதாரணமா முங்கி எந்திரிச்சுது. அண்ணிய பாத்து "காட்டன கரையில கட்டணும்மா, ஆத்துல இல்ல"ன்னுச்சு. அதோட பையிலயே இன்னொரு நைலக்ஸ் இருந்துச்சு, எடுத்து குடுத்துடுச்சு! குளிச்சு முடிச்சு பிழிஞ்சு பாறை மேல போட்டோம், மீன் வறுவல் சாப்பிட்டு வர்றதுக்குள்ள காஞ்சே போச்சு, பாட்டிகிட்ட திருப்பி குடுத்துட்டு தான் வந்தோம்.

சுடிதார்னா டார்க் கலர் எடுத்துக்கோங்க, வெளிர் நிறம் நனைஞ்சா சங்கடம். லெகின்ஸ் காலோட ஒட்டிக்கும், கழட்டறதுக்குள்ள உயிர் போகும், லூசா பேண்ட் போடுங்க. பரிசல்ல ஏறுனா லைஃப் ஜாக்கெட்ட புடவைக்கு மேல தான் மாட்டணும், அதனால முந்தானைய முன்னாடியே இடுப்புல இறுக்கி சொருகிடுங்க, பின் குத்தாதீங்க. தண்ணி வரத்து ஜாஸ்தியானா குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுடுவாங்க, போறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

அரூர் டீச்சர்:

எனக்கு தினமும் தான் இந்த யோசனை. 2019ல அரசு ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவுலயே புடவையும் இருந்துச்சு, துப்பட்டாவோட சுடிதாரும் இருந்துச்சு. ஆனாலும் நான் முதல் தடவ சுடிதார்ல போனப்ப எங்க பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் மேலயும் கீழயும் பாத்துட்டு ஒன்னும் சொல்லல, அன்னைக்கு பூரா ஒன்னுமே சொல்லல, அது தான் பயமா இருந்துச்சு. மறுவாரம் ஸ்டாஃப் ரூம்ல கூப்ட்டு, "ஸ்கூட்டில வர்றதுக்கு இது வசதியா இருக்குமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க முந்தானை வண்டி சக்கரத்துல மாட்டி விழுந்திருக்காங்க, அது எனக்கு அப்ப தான் தெரியும். ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி அவங்களும் சுடிதார்ல வந்தாங்க, வெள்ளிக்கெழம மட்டும் புடவை.

சித்திரை வெயிலுக்கு என் கணக்கு மெல்லிசான மல் காட்டன், அச்சுக்கட்டைல அடிச்ச பிளாக் பிரிண்ட், கஞ்சி இல்லாம. லினன் நல்லா இருக்கும், ஆனா மூணாவது பீரியட்லயே கசங்கிடும், பசங்க "மிஸ் தூங்குனீங்களா"ன்னு கேக்கும். ஐப்பசி மழைக்கு காட்டனே வேணாம், காயவே காயாது, ஜார்ஜெட் தான்.

தர்மபுரி டவுன்காரி:

எல்லாருக்கும் நன்றி. சாஃப்ட் சில்க்ல முடிவு பண்ணியாச்சு, அம்மாவ சமாளிக்க அதோட காஞ்சிபுரத்த நான் கட்டிக்கிறதில்ல, அதுவே கட்டிக்கட்டும்னு சொல்லிட்டேன், அதுக்கு வாயெல்லாம் பல்லு. பாலக்கோட்டு தங்கச்சி, ஒன்னு மட்டும் கேக்கணும். வெயில்ல வேர்த்து கட்டுன பட்ட எப்படி வைக்கிறது? சரிகை கறுத்து போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

பாலக்கோட்டுப் பொண்ணு:

வந்ததும் மடிச்சு உள்ள வச்சிடாதீங்க அக்கா. நிழல்ல, காத்தோட்டமா கொடில ஒரு நாள் போடுங்க, வேர்வை போகட்டும், வெயில்ல வேணாம், சாயம் வெளுக்கும். சென்ட்ட புடவை மேல அடிக்காதீங்க, சரிகைல வெள்ளி இருக்குல்ல, அது கறுக்கும். பாச்சா உருண்டையும் புடவைய தொடற மாதிரி வைக்காதீங்க. கவர்ல போடாம பழைய வெள்ளை வேட்டில சுத்தி வைங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்ப மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல கெடந்தா அந்த கோட்டுலயே விட்டு போயிடும். அம்மா காஞ்சிபுரத்துக்கும் இதே தான்.