புதுப்பிப்பு: பிரேக் பிடித்தால் லாரி இடதுபக்கம் இழுத்த விஷயம்

பிரேக் மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, முன்சக்கர லைனிங் (பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் உரசும் பட்டை) தேய்ந்திருக்குமோ என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று முன்சக்கரங்கள் இரண்டின் டிரம்மையும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) கழற்றிப் பார்த்துவிட்டேன்.

கோளாறு வலதுபக்கம்! அங்கே ஹப் சீல் (சக்கர நடுப்பகுதியின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்து லைனிங் முழுக்க ஆயில் ஊறியிருந்தது, அதனால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்கவே இல்லை, வேலையெல்லாம் இடதுபக்கத்தின் தலையில் விழுந்து அங்கே லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தலை டிரம்மைத் தொடும் அளவுக்கு லைனிங் தேய்ந்துபோயிருந்தது. பார்த்ததும் பகீரென்றது. ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும்.

சீலை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே தர லைனிங் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடியும் இழுக்கும். டிரம்மின் உள்விட்டத்தை நான்கைந்து இடத்தில் அளந்தேன், அதிலேயே பொறித்திருக்கும் உச்ச அளவுக்குள்தான் இருக்கிறது. லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் எஸ்-கேம் தண்டைத் தாங்கும் புஷ்ஷிலும் ஆட்டம் இல்லை. தூசியை மட்டும் காற்றடித்து ஊதவேண்டாம், பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தேன்.

அப்புறம் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை அமைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்து, காலியாக மெதுவாக ஓட்டி, விட்டுவிட்டுப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். நேராக நிற்கிறது, இரண்டு டிரம்மிலும் ஒரே அளவு சூடு. வலதுபக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.