பதினாறு என்றால் பிள்ளையா, பேறா?

மேற்கு மாம்பலம் வாசி:
நேற்று ‘பெரம்பூர் ரயிலடி’ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “பிரான்சில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மணமாகாத பெற்றோருக்குப் பிறக்கின்றன, பதினாறு பிள்ளை பெறச் சொல்லி வாழ்த்திய நாம் ஒன்றோடு நிறுத்திவிட்டோம்” என்கிறார். ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்ற வாழ்த்தில் பதினாறு பிள்ளை என்று யார் சொன்னது? அது பதினாறு பேறு! கல்வி, வயது, நட்பு, வளமை...

பெரம்பூர் ரயிலடி:
பட்டியலை முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. அபிராமி பட்டர் பாடிய பேறுகளின் வரிசையில் ‘தவறாத சந்தானமும்’, அதாவது பிள்ளையும், உண்டே? அதை விழுங்கியதால்தான் சாப்பாடு இறங்கவில்லையோ?

மேற்கு மாம்பலம் வாசி:
பதினாறில் ஒன்று சந்தானம். பதினாறுமே சந்தானம் அல்ல. போன பொங்கலுக்குக் கரும்பு விலையிலும் இப்படித்தான் கணக்குத் தெரியாமல் வம்புக்கு வந்தீர்கள்.

கொரட்டூர் மருமகள்:
எனக்குத் திருமணமான மூன்றாம் மாதமே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டார்கள். கல்வியையும் நட்பையும் ஒருவரும் விசாரிக்கவில்லை. பிரான்சில் மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு 1999 முதல் சட்டப்படி ஒப்பந்தப் பதிவு உண்டு. இங்கே வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தென்கொரியாவும் நம்மைப் போலத்தான்: முதலில் திருமணம், பிறகே பிள்ளை. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. அதைப் பேசுங்களேன்.

மேற்கு மாம்பலம் வாசி:
கொரியா கிடக்கட்டும் அம்மா. பதினாறு, பேறுதான்.

பெரம்பூர் ரயிலடி:
2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண மேடையில் முதல்வர் ஸ்டாலினே பதினாறு பிள்ளையைப் பற்றிப் பேசினாரே?

மேற்கு மாம்பலம் வாசி:
அதே பேச்சில் பதினாறு செல்வம் என்றும் சொன்னார். மக்கள்தொகை குறைந்தால் மக்களவைத் தொகுதியும் குறைந்துவிடுமோ என்ற கவலையில்தான் பிள்ளைக்கு வந்தார். அரைகுறையாகக் கேட்டுவிட்டு வரவேண்டியது!

தாம்பரம் மின்ரயில்:
2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மண்டப வாடகைக் கடனே தீராதவர்களிடம் போய்ப் பதினாறாம்!

மேற்கு மாம்பலம் வாசி:
தம்பி, பெரியவர்கள் பேசும் இடத்தில் கேலி வேண்டாம்.

தாம்பரம் மின்ரயில்:
தம்பி அல்ல, தங்கை. கேட்டுவிட்டு அழைக்கலாமே?

மேற்கு மாம்பலம் வாசி:
பெயரில் ரயிலை வைத்துக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும்? ‘பெறு’ என்பதிலிருந்து வந்தது ‘பேறு’. தமிழ் படித்தவர்களுக்கு இது போதும்.

பெரம்பூர் ரயிலடி:
பிள்ளை பெறுவதும் அதே ‘பெறு’தான் ஐயா.

கொரட்டூர் மருமகள்:
மாம்பலத்தாரே, உங்கள் வீட்டில் மகனுக்குப் பதினாறில் எத்தனை கிடைத்தது?

மேற்கு மாம்பலம் வாசி:
அவனுக்கு வயது 36. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த விவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதினாறு, பேறுதான்.