புதுப்பிப்பு: முகப்புப் பக்கத்தின் புது வடிவம், கைகொடுத்த ஓபிஎம்எல்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. செய்தி ஊட்டங்கள் (தளங்களில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவருபவை), ஒட்டுக் குறிப்புகள், வானிலை என்று அருகருகே மூன்று பத்திகளாக அடுக்கி வைத்திருந்த என் முகப்புப் பக்கச் சேவை புது வடிவத்துக்கு மாறப்போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். 2013 நவம்பரில் கூகுளின் முகப்புப் பக்கச் சேவையான ஐகூகுள் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும்.

மாற்றம் வந்துவிட்டது. ஒற்றைப் பத்தி, பெரிய பெரிய படங்கள். ஒரு திரைக்கு இரண்டே தலைப்புகள். பழைய தோற்றத்துக்குத் திரும்பப் பொத்தானும் இல்லை.

கைகொடுத்தது, முன்கூட்டியே ஊட்டங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்யச் சொன்ன யோசனைதான். வேறொரு ஊட்ட வாசிப்பானில் அதை ஏற்றியதும் ஊட்டங்கள் கோப்புறைகளோடு அப்படியே வந்துவிட்டன. ஆனால் நட்சத்திரமிட்ட கட்டுரைகளும், எது படித்தது எது படிக்காதது என்ற விவரமும் வரவில்லை. அந்தக் கோப்பில் ஊட்டங்களின் பட்டியல்தான் இருக்குமாம். ஒட்டுக் குறிப்புகளையும் தனியாகத்தான் நகலெடுக்க வேண்டும், அதுவும் மாற்றம் வருவதற்கு முன்பே.

ஸ்டைலஸ் என்ற உலாவி நீட்டிப்பில், பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் வரிகளை எழுதும் வழியையும் பார்த்தேன். மூன்று பத்தி திரும்பியது, சரி. அப்புறம் தளத்தில் எதையாவது மாற்றும்போதெல்லாம் குலைகிறது. கைபேசிக் குரோமில் நீட்டிப்பு போடவும் வழியில்லை. அலுவலகக் கணினியில் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.