2014 ஸ்விஃப்ட் டீசல் விடிஐ, 92,000 கி.மீ., 3.60 லட்சம்: எதைப் பார்த்து முடிவு பண்ணலாம்?

மலைக்கோட்டை_ரைடர்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு ஸ்விஃப்ட் டீசல் விலைக்கு வந்திருக்கு. புரோக்கர் சொல்ற விவரம் இது: 2014 மாடல், விடிஐ, வெள்ளை, ரெண்டாவது ஓனர், சென்னை பதிவு, மீட்டரில் 92,000 கி.மீ. கேட்கிற விலை 3.60 லட்சம். எனக்கு மாசம் 1,500 கி.மீ. ஓட்டம், அதில் பாதிக்கு மேல் ஹைவே. அதனால்தான் டீசல் தேடுறேன்.

மூணு சந்தேகம். ஒண்ணு, "ஃபேஸ்லிஃப்ட் வண்டி சார்" (அதே தலைமுறையில் தோற்றத்தைக் கொஞ்சம் புதுப்பிச்ச மாடல்) என்கிறார். முன் பம்பரில் ஃபாக் லேம்ப் பக்கம் சில்வர் பட்டை இருக்கு, 15 இஞ்ச் அலாய் வீல் இருக்கு. ஆனால் ஸ்டார்ட் பட்டன் இல்லை, பின் கண்ணாடிக்கு வைப்பரும் இல்லை. இது என்ன வேரியன்ட்? ரெண்டு, இந்த 1.3 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கிற சங்கிலி) பெரிய செலவு வைக்கும்னு சொல்றாங்களே, வாங்கும் முன்னாடி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு, வேறொரு டீலர்கிட்ட டெல்லி பதிவு 2015 வண்டி 60,000 ரூபாய் குறைவா இருக்கு. அது லாபமா?

ஆர்சி_வாசகன்

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். இன்ஜினைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

பம்பரை வைத்து வருடம் சொல்லாதீர்கள். ரெண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் ஆகஸ்ட் 2011ல் வந்தது, ஃபேஸ்லிஃப்ட் அக்டோபர் 2014ல் வந்தது, மூன்றாம் தலைமுறை பிப்ரவரி 2018ல் வந்தது. 2011க்கும் 2014க்கும் நடுவில் பாடி ஷெல் மாறவே இல்லை. பழைய வண்டியில் புதிய பம்பரையும் ஃபாக் லேம்ப் மூடியையும் போடுவது ஒரு நாள் வேலை. முன்னால் இடித்த வண்டிக்கு எப்படியும் பம்பர் வாங்க வேண்டும், அப்போது புது டிசைனாகவே வாங்கிவிடுவார்கள். ஆகவே அந்த சில்வர் பட்டை ஃபேஸ்லிஃப்ட் என்பதற்கு ஆதாரம் இல்லை. முன்பக்கம் எப்போதாவது அடி வாங்கியதா என்று கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஆர்.சி.யில் "தயாரிப்பு மாதம்/ஆண்டு" என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. பதிவுத் தேதி வேறு, இது வேறு. 2013 கடைசியில் தயாராகி 2014ல் பதிவான வண்டியை நம் ஊர் சந்தையில் "2014 மாடல்" என்றுதான் விற்பார்கள். விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு அக்டோபர் 2014க்கு முன்னால் என்றால் அது ஃபேஸ்லிஃப்ட் கிடையாது.

அடுத்து வேரியன்ட்: டீசலில் எல்டிஐ கீழ் ரகம், விடிஐ நடு, இசட்டிஐ மேல் ரகம். இந்தத் தலைமுறையில் எல்டிஐ, விடிஐ இரண்டுக்கும் கம்பெனி டயர் அளவு 165/80 ஆர்14. இசட்டிஐக்கு 185/65 ஆர்15 அலாய். நீங்கள் பார்த்த 15 இஞ்ச் அலாய் வெளியில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். பின் வைப்பர், டீஃபாகர் (பின் கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சூடேற்றி), ஆட்டோ ஏசி இவை இசட்டிஐ சமாச்சாரம். அவை இல்லை என்பதால் விடிஐ என்று புரோக்கர் சொல்வது பொருந்துகிறது. ஆர்.சி.யில் மாடல் பெயரோடு வேரியன்டும் அச்சாகியிருக்கும், பார்த்துவிடுங்கள். ஏபிஎஸ் உண்டா என்பதற்கு வாய்ச்சொல் வேண்டாம். சாவியை ஆன் செய்தால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த வசதி இல்லை, அல்லது பல்பை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏர்பேக் விளக்குக்கும் இதே கணக்கு.

ஆர்.சி.யில் சி.சி. 1248 என்றும், இன்ஜின் எண் டி13ஏ என்றும், சேஸிஸ் எண் எம்ஏ3 என்றும் தொடங்க வேண்டும். சேஸிஸ் எண்ணை உலோகத்தில் அடித்திருக்கும் இடத்திலேயே பாருங்கள், ஒட்டிய தகட்டில் வேண்டாம். எழுத்துகளைச் சுற்றி கிரைண்டிங் தடமோ புது பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரையிலும் ஆண்டுக் குறி உண்டு. எல்லாக் கண்ணாடியும் ஒரே ஆண்டைக் காட்டி ஒன்று மட்டும் மாறினால், அந்தப் பக்கத்துக் கதவையும் பில்லரையும் கூடுதலாக ஐந்து நிமிடம் பாருங்கள்.

செயின்_சத்தம்

இந்த இன்ஜின் ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். சுசூகி லைசென்ஸ் வாங்கி மானேசர்ல தயாரிச்சது. புன்ட்டோ, லீனியா, டாடா விஸ்டா எல்லாத்துலயும் இதே குடும்பம்தான். அதனால பார்ட்ஸ் பஞ்சம் கிடையாது, வேலை தெரிஞ்ச கையும் கிடைக்கும். நல்லா பார்த்துக்கிட்டா 2 லட்சம் கி.மீ. தாண்டியும் ஓடும். பார்த்துக்கலைன்னா 80,000லயே செயின் போகும்.

காரணம் எல்லாம் ஆயில்தான். மொத்தமே சுமார் 3 லிட்டர்தான் பிடிக்கும். செயின் டென்ஷனர், வால்வ் டாப்பெட், டர்போ பேரிங் மூணும் அந்த மூணு லிட்டரை நம்பித்தான் இருக்கு. டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் செயினை இழுத்துப் பிடிக்குது. ஆயில் ஒரு லிட்டர் குறைஞ்சாலே மூணுல ஒரு பங்கு போச்சு. 10,000 கி.மீ.க்கு மாத்த வேண்டியதை 18,000, 20,000ன்னு தள்ளினா ஆயில் கசடாகி டென்ஷனருக்கு பிரஷர் லேட்டா ஏறும். செயின் தொளதொளன்னு கைடை (செயின் உரசி ஓடுற பட்டை) அடிக்கும், கைடு தேயும், ஒருநாள் பல் தாண்டும். தாண்டினா வால்வ் பிஸ்டன்ல முட்டி ராக்கர் உடையும், ஹெட்டைக் கழட்டணும்.

செயினைக் கண்டுபிடிக்க ஒரே வழி கோல்ட் ஸ்டார்ட், அதாவது ராத்திரி முழுக்க நின்னு ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்றது. முதல் நாளே சொல்லிடுங்க, "நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க"ன்னு. காலைல ஆறரைக்குப் போய் முதல்ல போனட்டைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா திரும்பி வந்து இன்னொரு நாள் போங்க. சும்மா சூடு பண்ணி வைக்கிறாங்கன்னு நினைக்காதீங்க, அதுக்குப் பின்னாடி காரணம் இருக்கும்.

போனட்டைத் திறந்து வெச்சு, ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க இன்ஜினோட டைமிங் கவர் பக்கம், அதாவது பெல்ட் ஓடுற பக்கம் நில்லுங்க. ஒரு வினாடிக்குள்ள சத்தம் அடங்கினா பயமில்லை. ரெண்டு மூணு வினாடி "கரகர"ன்னு சங்கிலியைத் தகரத்துல இழுக்கிற மாதிரி வந்து அடங்கினா செயின் கிட் செலவை விலையில கழிக்கணும். சூடானப்புறமும் ஐடிலிங்ல அந்த சத்தம் இருந்தா வண்டியே வேண்டாம். டீசல் சத்தத்தையும் இதையும் குழப்பிக்காதீங்க. டீசல் "டக் டக்"னு சீராத் தட்டும், செயின் சத்தம் ஒழுங்கில்லாம உரசும்.

அப்புறம் ஐடிலிங்ல ஆயில் மூடியைத் திறங்க. லேசா ஆவி வரலாம். புகை குபுகுபுன்னு துடிச்சுத் துடிச்சு வந்தா பிஸ்டன் ரிங் தேய்மானம். மூடிக்கு அடியில கருப்புக் களிம்பு கெட்டியா இருந்தா ஆயில் மாத்தலைன்னு அர்த்தம். டிப்ஸ்டிக்ல ஆயில் கருப்பா இருக்கிறதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க, டீசல்ல மாத்தின மறுவாரமே கருத்துடும். ஆனா லெவல் மேக்ஸ் கோட்டைத் தாண்டி, மோந்தா டீசல் வாசனை வந்தா டீசல் உள்ளே ஒழுகுது.

மேல பிளாஸ்டிக் கவரைக் கழட்டி இன்ஜெக்டர் நாலையும் பாருங்க. அடியில தார் மாதிரி கருப்பா கட்டியிருந்தா காப்பர் வாஷர் போயிருக்கு, "புஸ் புஸ்"ன்னு சத்தமும் வரும். சீக்கிரம் பார்த்தா சின்ன வேலை. விட்டு வெச்சா இன்ஜெக்டர் இறுகிப்போய் கழட்டும்போது ஹெட் வரைக்கும் வேலை வெக்கும். வண்டி காலைல ரொம்ப நேரம் சுத்தி ஸ்டார்ட் ஆச்சுன்னா ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க: நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாயையும் நாலு சின்ன பாட்டில்ல விட்டு, ஐடிலிங்ல கொஞ்ச நேரம் ஓட்டி அளவை ஒப்பிடணும். ஒரு பாட்டில் மட்டும் வேகமா நிறைஞ்சா அந்த இன்ஜெக்டர் அவுட்.

ஓட்டிப் பார்க்கும்போது: இதுல 190 என்எம் டார்க் (இழுவை) 2000 ஆர்பிஎம்ல வரும். அதுக்குக் கீழ சோம்பலா இருக்கிறது இயற்கை, அதை ரிப்பேர்னு நினைக்க வேண்டாம். நாலாம் கியர்ல 1500ல இருந்து முழுசா மிதிங்க. 2000 தாண்டினதும் முதுகைத் தள்ளணும். தள்ளாம கரும்புகை விட்டா டர்போ ஹோஸ் கிழிசல், இஜிஆர் (புகையில ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுற வால்வ்) அடைப்பு, டர்போ இந்த வரிசைல பார்க்கணும். நிறைய பேர் முதல்லயே டர்போவை மாத்திட்டு அப்புறம் ஹோஸ் கிழிசலைக் கண்டுபிடிக்கிறாங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலைன்னா கிளட்ச். நீலப் புகை ஆயில் எரியறது. டர்போ ஹோஸ் உள்ளே ஆயில் ஈரம் லேசா இருந்தா பரவாயில்லை, குளமா நின்னா டர்போ சீல்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறுகளைப் படிக்கிற கருவி) எடுத்துட்டுப் போங்க. ஃபால்ட் கோட் இல்லைன்னு சந்தோஷப்படாம, கோட் அழிச்சு எத்தனை கி.மீ. ஆச்சுங்கிற விவரத்தையும் பாருங்க. 15 கி.மீ.ன்னு காட்டினா நேத்து யாரோ அழிச்சிருக்காங்க.

நாலுரோடு_கணேசு

மீட்டர் பற்றி ஒன்று. 11 வருடத்தில் 92,000 என்றால் வருடத்துக்கு 8,400 கி.மீ.கூட வரவில்லை. அவ்வளவு குறைவாக ஓட்டுபவர் கூடுதல் காசு கொடுத்து டீசல் வாங்குவது அரிது. பொய் என்று சொல்லவில்லை, கேட்க வேண்டிய கேள்வி அது. பதிவெண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு (ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ.யோடு எழுதும் சீட்டு) வரலாறு எடுக்கச் சொல்லுங்கள், ஓனர் கூட வந்தால் சுலபம். 2018ல் 1,10,000 என்று ஒரு கார்டு இருந்தாலே முடிந்தது. டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள்: 2314 என்றால் 2014ன் 23வது வாரம். வண்டியோடு வந்த ஸ்டெப்னி அப்படியே இருந்தால் அதுவும் தயாரிப்புத் தேதியைக் காட்டிக்கொடுக்கும்.

சென்னைப் பதிவு என்பதால் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் இந்த வண்டி பார்த்திருக்கலாம். பாலிஷ் போட்டு ஷாம்பூ வாசனை அடிக்க வைத்திருப்பார்கள். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பச்சை பூத்த கனெக்டர், முழுக்க இழுத்த பெல்ட்டில் தண்ணீர் நின்ற கோடு: இதையெல்லாம் யாரும் சுத்தம் செய்வதில்லை.

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். நோ கிளைம் போனஸ் (கிளைம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் சதவீதத் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 என்று ஏறும். போன வருடம் 50, இந்த வருடம் பூஜ்யம் என்றால் நடுவில் கிளைம். எதற்கு என்று கேளுங்கள்.

டெல்லி வண்டி: 10 வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே போட்ட தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதனால்தான் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வண்டி கெட்டது என்று பொருள் இல்லை. ஆனால் என்ஓசி (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, படிவம் 28), இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27, வயதுக்கேற்ற தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் அந்த 60,000த்தில் எவ்வளவு மிஞ்சும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். என்ஓசி கையில் வராமல் அட்வான்ஸ் வேண்டாம். "அப்புறம் வரும் சார்" என்ற என்ஓசி பெரும்பாலும் வராது.

மலைக்கோட்டை_ரைடர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குக் காலைல பார்த்துட்டு வந்தேன். ஆர்.சி.யில் தயாரிப்பு 11/2013, பதிவு பிப்ரவரி 2014, விடிஐ. டயர் 185/65. ஜாப் கார்டு 71,000 வரைக்கும் ஒழுங்கா இருக்கு, அதுக்கப்புறம் வெளி மெக்கானிக், பில் இல்லை. ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு வினாடி கரகரன்னு வந்து அடங்குச்சு, சூடானப்புறம் இல்லை. 2000க்கு மேல நல்லா இழுக்குது. துரு, வண்டல் எதுவும் இல்லை. என்சிபி (நோ கிளைம் போனஸ்) 50. வங்கிக் கடன் முடிஞ்சதா சொல்றார், ஆனா ஆர்.சி.யில் இன்னும் ஹைப்போதிகேஷன் (வங்கிக் கடன் பதிவு) இருக்கு.

ஆர்சி_வாசகன்

அப்படியானால் இது 2013 வண்டி, ஃபேஸ்லிஃப்ட் அல்ல. 2014 ஃபேஸ்லிஃப்ட் விலையைக் கொடுக்காதீர்கள். என்சிபி 50 ஆறுதலான விஷயம், ஆனால் அது விற்பவருடையது, உங்களுக்கு மாறாது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள்தான் கட்டுவீர்கள். பாலிசியை 14 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹைப்போதிகேஷன் நீக்க படிவம் 35ம் வங்கியின் என்ஓசியும் வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும், பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு பிப்ரவரி 2029 வரைதான், அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடம் புதுப்பிக்க வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

செயின்_சத்தம்

71,000க்கு அப்புறம் பில் இல்லாத 21,000 கி.மீ., கூடவே ரெண்டு வினாடி சத்தம். ரெண்டும் பொருந்துது. நான்னா வண்டியை விடமாட்டேன், செயின் கிட்டை விலையில கழிச்சுட்டு எடுப்பேன். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஸ்பேர்ஸ் கடையில முழு கிட்டுக்கும் விலை வாங்குங்க: செயின், ரெண்டு கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட், கிராங்க் ஆயில் சீல். கூலியையும் சேர்த்து அதைக் காட்டிப் பேசுங்க. "செயின் மட்டும் மாத்தினா போதும்"னு சொல்ற மெக்கானிக் வேண்டாம், தேய்ஞ்ச கைடுல புது செயின் போட்டா சத்தம் சீக்கிரமே திரும்பி வரும்.

வேலை கொடுக்கும் முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: கேம்ஷாஃப்ட்டையும் ஃப்ளைவீலையும் பூட்டுற லாக்கிங் பின் செட் உங்ககிட்ட இருக்கான்னு. இந்த இன்ஜின்ல மார்க்கர் போட்டு டைமிங் வெக்கிற வேலை ஆகாது. அப்போ சம்ப்பையும் (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழுவச் சொல்லுங்க, கசடு இருந்தா அங்கதான் உட்கார்ந்திருக்கும். முதல் ஆயிலை 1,000 கி.மீ.லயே வடிச்சுட்டு ஃபில்டரோட மாத்திடுங்க.