மறு: உபத்திரவமும் சபை எடுத்துக்கொள்ளப்படுதலும் – கொள்கைப் பெயர்களுக்குக் கலைச்சொல்

போதகர் ஐயா அவர்களுக்கும், தாராவியிலிருந்து எழுதிய அக்காவுக்கும், குழுவினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

பெங்களூரில் நாம் நடத்தும் மாலை வேதபாட வகுப்பின் சொல்லடைவுக்கு ஐயா இரண்டு பெயர்களை முன்வைத்திருக்கிறார். கடைசிக்காலத்தில் வரும் பெருந்துன்பமாகிய மிகுந்த உபத்திரவம் தொடங்குமுன்னே சபை கர்த்தரிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனைக்குத் 'தப்பிப்புக் கொள்கை' என்றும், சபை அந்தக் காலத்தினூடே நடந்து, நேர்ந்தால் உயிரையும் கொடுத்து, அதன் முடிவில் கர்த்தரைச் சந்திக்கும் என்ற போதனைக்கு 'இரத்தசாட்சிக் கொள்கை' என்றும் வைக்கலாம் என்கிறார். சொற்கள் சுருக்கமானவை, கேட்டவுடன் விளங்குபவை. ஆயினும் இவ்விரண்டையும் சொல்லடைவில் சேர்க்க வேண்டாம் என்று ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வகுப்பில் காக்ஸ் டவுன் சகோதர சபையாரும், லிங்கராஜபுரத்துப் பெந்தெகொஸ்தே சபையாரும், தென்னிந்தியத் திருச்சபையாரும், சிவாஜிநகரிலிருந்து வரும் கத்தோலிக்கரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறோம். ஒரு கொள்கைக்கு நாம் சூட்டும் பெயர், அதை நம்புகிறவர் தம் வாயாலேயே தயக்கமின்றிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'நான் தப்பிப்புக் கொள்கைக்காரன்' என்று எந்தச் சகோதர சபை மூப்பரும் சொல்லமாட்டார். எதிர்த்தரப்பு வைத்த பெயரை அகராதி ஏற்றுக்கொண்டால், விவாதம் தொடங்குமுன்னே தீர்ப்பு எழுதியாயிற்று.

மேலும் அந்தப் போதனை துன்பமே வராது என்று சொல்வதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சகோதர சபைப் போதகர் ஜான் நெல்சன் டார்பி வகுத்து, 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக உலகெங்கும் பரவிய இக்கொள்கையின் நடு நரம்பு, உபத்திரவத்துக்கும் தேவனுடைய கோபாக்கினைக்கும் உள்ள வேறுபாடு. 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்று ஆண்டவர் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைத்தான் பற்றிக்கொள்கிறார்கள். மிகுந்த உபத்திரவம் நடக்கும் கடைசி ஏழு ஆண்டுகள் மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையைவிட, தேவனே பூமியின்மேல் ஊற்றும் நியாயத்தீர்ப்பின் காலம் என்பது அவர்கள் வாசிப்பு. அந்தக் காலத்தில் விசுவாசத்துக்கு வருகிறவர்கள் திரளாகக் கொல்லப்படுவார்கள் என்றும், வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் சிரச்சேதம்பண்ணப்பட்டவர்களாகக் காணப்படுகிறவர்கள் அவர்களே என்றும் அவர்களே போதிக்கிறார்கள். ஆகவே இரத்தசாட்சிகள் அவர்களுடைய வரிசையிலும் இருக்கிறார்கள்.

மறுபக்கம், சபை உபத்திரவத்தினூடே செல்லும் என்கிறவர்களும் எல்லாரும் மடிவார்கள் என்று சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 7ஆம் அதிகாரத்தில் ஊழியக்காரரின் நெற்றிகளில் முத்திரை போடப்படுகிறது. 12ஆம் அதிகாரத்தில் அந்த ஸ்திரீ வனாந்தரத்துக்கு ஓடி, ஆயிரத்து இருநூற்று அறுபது நாள் போஷிக்கப்படுகிறாள். இந்தப் பூமியிலேயே தேவன் மறைத்துக் காக்கிறவர்களும் உண்டு என்பதற்கு அவர்கள் இந்த இடங்களைத்தான் காட்டுகிறார்கள். 'இரத்தசாட்சிக் கொள்கை' என்ற பெயர் அவர்களுக்கும் பொருந்தாது.

'தப்புதல்' என்ற சொல்லையே நம் பழைய மொழிபெயர்ப்பு எங்கெங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் இதன் சிக்கல் இன்னும் தெளிவாகும். பிலதெல்பியா சபைக்கு எழுதிய நிருபத்தில், சோதனைகாலத்துக்குத் 'தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்' என்று இருக்கிறது. இது வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். அதே புத்தகத்தின் 12ஆம் அதிகாரம், 11ஆம் வசனத்தில், மரணத்துக்குத் 'தப்பும்படி தங்கள் ஜீவனையும் பாராமல்' ஜெயித்தவர்கள் வருகிறார்கள். ஒரே சொல், ஓரிடத்தில் வாக்குத்தத்தம், மற்றோரிடத்தில் துறக்கப்பட்ட ஒன்று. முதல் வசனத்தின் கிரேக்கத்தில் இருப்பது 'ஒன்றினின்று காத்தல்' மட்டுமே. தப்புதல் என்பது மொழிபெயர்த்தவர்கள் தெளிவுக்காகச் சேர்த்த விரிவு. அதே கிரேக்கத் தொடர் புதிய ஏற்பாட்டில் வரும் மற்ற இடம் யோவான் 17:15. அங்கே ஆண்டவர், சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்கிறார். இந்த ஒப்பீட்டை, சபை உபத்திரவத்தினூடே செல்லும் என்கிறவர்கள் தம் வலிமையான சான்றாகக் கருதுகிறார்கள். அதற்குமுன்னே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறவர்களோ, பிலதெல்பியாவுக்குச் சொல்லப்பட்டது ஒரு காலத்தினின்றே காப்பது என்பதால் இரண்டும் ஒன்றல்ல என்று விடை சொல்கிறார்கள். இன்னும் முடியாத இந்த வழக்கின் நடுவில் நிற்கும் சொல்லை ஒரு தரப்புக்குப் பெயராகச் சூட்டுவது முறையாகாது.

ஐயா தம் மடலில், ஆதிச்சபை ஓடவில்லை, நின்று மரித்தது என்று எழுதியிருந்தார். இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் பெயரின் சிக்கல் முழுவதும் இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எரிக்கப்பட்டார்; ஆனால் அதற்குமுன் நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரு பண்ணைவீட்டுக்கும், பிறகு இன்னொன்றுக்கும் ஒதுங்கியிருந்தார். கடைசியில் பிடிக்க வந்தபோதுதான், தேவசித்தம் ஆகட்டும் என்று நின்று, வந்த சேவகருக்கு உணவளிக்கச் சொல்லி, ஜெபிக்க நேரம் கேட்டார். அவருடைய மரணத்தை எழுதிய அதே சபை, குயிந்து என்ற பிரிகியாக்காரரைப் பற்றியும் எழுதிவைத்தது. அவர் தாமே முன்வந்து தம்மை ஒப்புக்கொடுத்து, மிருகங்களைக் கண்டவுடன் அஞ்சி, ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். ஆகவே தாமாகப் போய்ச் சரணடைகிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்பது அவர்களுடைய முடிவு. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்ற ஆண்டவரின் கட்டளை அவர்களுக்கு முன்னால் இருந்தது. வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னாளில், துன்பகாலத்தில் ஓடுவதே தகாது என்று கடுமையாக எழுதினார் என்பது உண்மை. ஆனால் பெரும்பான்மைச் சபை அவரோடு போகவில்லை.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானை எண்ணிப் பாருங்கள். 250இல், எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்ற தேசியு பேரரசரின் ஆணை வந்தபோது அவர் மறைவிடம் சென்று, அங்கிருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்ற பழி ரோமிலிருந்தே வந்தது. வலேரியான் பேரரசர் காலத்தில், தம்மை ஊத்திக்கா என்ற வேறு பட்டணத்துக்குக் கொண்டுபோய்த் தண்டிக்கப்போகிறார்கள் என்று அறிந்து மீண்டும் சிறிது காலம் ஒளிந்துகொண்டார்; தம் சொந்தப் பட்டணத்தில், தம் மக்களின் கண்முன்னே மரிக்க வேண்டும் என்பதே காரணம். 258இல் கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டார். ஒரே மனிதர் ஒதுங்கவும் செய்தார், மரிக்கவும் செய்தார். இரண்டையும் கீழ்ப்படிதலாகவே கண்டார். அவரை நம் பட்டியலில் 'தப்பிப்பு' என்ற தலைப்பின்கீழ் வைப்பதா, 'இரத்தசாட்சி' என்ற தலைப்பின்கீழ் வைப்பதா?

எனவே இரத்தசாட்சி என்ற சொல்லை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஆட்களுக்கே விட்டுவிடுவோம். கத்தோலிக்கர் வழங்கும் 'மறைசாட்சி'யையும் அதே பதிவில் இணைச்சொல்லாகத் தரலாம். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் சாட்சி, கடைசிக்காலம் பற்றிய எந்த அட்டவணையையும் சார்ந்து நின்றதில்லை.

அப்படியானால் கொள்கைகளுக்கு என்ன பெயர்? அவை உண்மையில் வேறுபடுவது காலத்தில்தான். பெயரும் காலத்தை மட்டும் சொன்னால் போதும். அக்கா முன்மொழிந்த 'சபை விண்ணேற்பு' அழகான சொல். ஆனால் கத்தோலிக்கருக்கு விண்ணேற்பு என்றால் மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா; சிவாஜிநகர் நண்பர்கள் வேறொன்றைப் புரிந்துகொள்வார்கள். 'முன்னுபத்திரவக் கொள்கை' என்பதைச் சிலர் வழங்குகிறார்கள். முன்பனி, முன்னிரவு போல அது முதலில் வரும் உபத்திரவத்தைக் குறித்துவிடுகிறது. 'முன்னெடுப்பு' இன்று செய்தித்தாள்களில் ஒரு முயற்சியைத் தொடங்குவதற்கு நிலைத்துவிட்டது. வெறும் 'எடுப்பு' என்ற சொல்லோ, கழிவு அள்ளும் வேலையில் மனிதரைத் தலைமுறை தலைமுறையாக அழுத்திவைத்த ஏற்பாட்டின் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அந்தக் காயத்தைச் சுமக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் இருக்கும்போது, நம்பிக்கையின் சொல்லாக அதை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

நான் முன்வைப்பது 'சேர்ப்பு'. 'நாம் அவரிடத்திலே சேர்க்கப்படுவதையுங்குறித்து' என்று 2 தெசலோனிக்கேயர் 2:1 பேசுகிறது. உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன் என்று யோவான் 14:3இல் ஆண்டவர் சொல்கிறார். இவ்விரு வசனங்களையும் எல்லாத் தரப்பினரும் தங்கள் நம்பிக்கையாக வாசிக்கிறார்கள். நிகழ்வுக்குச் 'சபைச் சேர்ப்பு'. சபை உபத்திரவத்துக்கு முன், அதன் நடுவில், அதன் முடிவில் சேர்க்கப்படும் என்ற மூன்று கொள்கைகளுக்கு முறையே 'முந்துசேர்ப்புக் கொள்கை', 'இடைச்சேர்ப்புக் கொள்கை', 'பிந்துசேர்ப்புக் கொள்கை'. உபத்திரவத்தை ஒட்டியே முந்துவதும் பிந்துவதும் என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். மக்கள் நாவில் பழகிய 'எடுத்துக்கொள்ளப்படுதல்' பொதுவழக்கு என்ற குறிப்போடு அப்படியே இருக்கட்டும். அதை நீக்க நமக்கு உரிமையில்லை. 'மகா உபத்திரவம்' பிரசங்கங்களில் வழங்கினாலும், வேதாகமத்தில் உள்ள 'மிகுந்த உபத்திரவம்' என்பதைத் தலைச்சொல்லாக வைப்போம்.

ஜெயங்கொள்ளுகிறவர்கள் மட்டும் முதலில் சேர்க்கப்படுவார்கள், மற்றவர்கள் உபத்திரவத்தில் புடமிடப்படுவார்கள் என்ற நான்காம் கருத்துக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ராபர்ட் கோவெட் இங்கிலாந்தில் போதித்ததும், 1952இல் கைதாகி 1972இல் சீன உழைப்பு முகாமில் இறந்த சபைத் தலைவர் வாட்ச்மேன் நீ ஏற்றதும் இக்கருத்தே. 'பகுதிச்சேர்ப்பு' என்று வைத்தால் பொருள் கிடைக்கிறது; ஆனால் அதை நம்புகிறவர்களுக்கு முக்கியமான ஜெயங்கொள்ளுதல் அதில் தொனிக்கவில்லை. 'வென்றோர் சேர்ப்பு' பொருந்துமா என்று ஐயாவும் அக்காவும் தெரிவித்தால், அடுத்த வகுப்புக்குமுன் இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
பிரேசர் டவுன், பெங்களூரிலிருந்து