புதுப்பிப்பு: தானாக அணைந்த கம்ப்யூட்டர், குற்றவாளி தூசிதான்

போன வாரம் எழுதியிருந்தேனே, கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிராசஸர் சூடு 90 டிகிரிக்கு மேல் காட்டுகிறது என்று? சரியாகிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் ஒயரை மதர்போர்டிலிருந்து எடுத்தேன். பிராசஸர்மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரின் நான்கு மூலைகளிலும் உள்ள பிளாஸ்டிக் ஊசிகளை அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்ததும் கூலர் கையோடு வந்துவிட்டது. ஃபேன் மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. காற்று எப்படிப் போகும்! பெயிண்ட் பிரஷ்ஷால் கிளறி, இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தேன்.

பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவே பூசியிருந்த பேஸ்ட் காய்ந்திருந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தேன். (புதுசு வாங்கி வைக்காமல் கழற்றியது என் முட்டாள்தனம், ஒரு நாள் முழுக்க எல்லாம் மேஜைமேல் பரப்பிக் கிடந்தது.)

திரும்ப மாட்டுவதுதான் பெரிய சள்ளை. ஊசிகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஒன்று சரியாக உட்காரவில்லை. போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் பேஸ்ட்டையும் மறுபடி வைத்து மாட்டினேன்.

இப்போது சும்மா இருக்கும்போது 42, வீடியோ எடிட்டிங்கில் 68. இரண்டு நாளாக அணையவில்லை.